வேர்க்கடலை வாத்தியார்



மாலை நேரத்தில் கடற்கரைக்குப் போனால் என்ன வாங்கித் தின்பீர்கள்? சுடச்சுட வறுத்த வேர்க்கடலைதானே! அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே இந்த வரலாற்றைப் படியுங்கள். பெரிய படிப்புப் படித்துவிட்டு, நகரத்தை நாடிப் போகாமல் ஏழைக் கிராமத்தைத் தேடிப் போன ஒரு விஞ்ஞானியின் கதை இது.

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்றொரு சிற்றூர். அங்கே 1864-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் அடிமைத் தாய்க்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த தேதி எது என்று அந்தக் குழந்தைக்குக் கடைசிவரை தெரியாது. அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பிறந்த நாளை யார் எழுதி வைத்தார்கள்?

கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர்கள் தாயையும் பிள்ளையையும் கடத்திப் போனார்கள். பண்ணைக்காரர் மோசஸ் கார்வர் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும்தான் கிடைத்தது. தாய் திரும்பி வரவே இல்லை. அடிமை முறை ஒழிந்தபின் மோசஸும் அவர் மனைவி சூசனும் அந்தப் பிள்ளையைத் தங்கள் வீட்டிலேயே வளர்த்தார்கள். ஜார்ஜ் என்ற அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகமே அறிந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்!

ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. வயல் வேலைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. சமையல், துணி துவைத்தல், தையல் என்று வீட்டு வேலைகளைக் கற்றுக்கொண்டான். மற்ற நேரமெல்லாம் செடி கொடிகளோடுதான் பொழுது போகும். வாடிய செடியைக் கொடுத்தால் பிழைக்க வைத்துவிடுவான். அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியர் என்றே அழைத்தார்கள்.

படிக்க ஆசை. ஆனால் ஊர்ப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. சில கிலோமீட்டர் தள்ளி நியோஷோ என்ற ஊரில் அவர்களுக்கென ஒரு பள்ளி இருந்தது. சிறு வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி அங்கே போய்ச் சேர்ந்தான். அதன்பின் ஊர் ஊராக அலைந்து, கிடைத்த வேலையைச் செய்து, உயர்நிலைப் படிப்பை முடித்தார் கார்வர்.

கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரிக்குத் தபாலில் விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது. ஆசையோடு போய் நின்றார். அவருடைய தோலின் நிறத்தைப் பார்த்ததும் இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! நாமாக இருந்தால் அன்றோடு படிப்பை விட்டிருப்போம். கார்வர் சில ஆண்டுகள் காத்திருந்தார். 1890-இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். மற்ற மாணவர்களின் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டுச் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார். அவர் வரைந்த செடிகளையும் பூக்களையும் பார்த்த ஓவிய ஆசிரியை எட்டா பட், தாவரவியல் படிக்கும்படி வழிகாட்டினார்.

அடுத்த ஆண்டே ஏம்ஸ் நகரிலுள்ள வேளாண் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படித்த முதல் கறுப்பின மாணவர் அவர்தான். 1894-இல் இளநிலைப் பட்டம், 1896-இல் முதுநிலைப் பட்டம். செடிகளைத் தாக்கும் பூஞ்சைகளைப் பற்றி ஆராய்ந்தார். படிக்கும்போதே பசுமைக்குடிலைக் கவனிக்கும் வேலை. பாடம் நடத்தும் வேலையும் கிடைத்தது. நல்ல ஆய்வுக்கூடம், மதிக்கும் பேராசிரியர்கள். வேறென்ன வேண்டும்?

அந்த நேரத்தில்தான் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் புக்கர் டி. வாஷிங்டன். அவரும் அடிமையாகப் பிறந்தவர். அலபாமா மாநிலத்தில் டஸ்கிகி என்ற ஊரில், 1881 முதல் கறுப்பின மக்களுக்கான கல்வி நிலையத்தை நடத்தி வந்தார். அங்கே வேளாண்மைத் துறையைத் தொடங்கி நடத்த வரும்படி கார்வரை அழைத்திருந்தார்.

யோசித்துப் பாருங்கள். ஏம்ஸிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உள்ள ஊர். கறுப்பினத்தவர் தனி ரயில் பெட்டியில்தான் ஏற வேண்டும் என்று சட்டம் போட்டிருந்த பகுதி. அங்கே போனால் ஆராய்ச்சி என்னாகும்? ஆனால் தம் இன மக்கள் படும் பாட்டை நினைத்தார் கார்வர். 1896 அக்டோபரில் டஸ்கிகிக்குப் போய்ச் சேர்ந்தார்.

எங்கு பார்த்தாலும் பருத்தி. வீட்டு வாசல்வரை பருத்தி! பல ஆண்டுகள் பருத்தியையே பயிரிட்டதால் மண் சத்திழந்து கிடந்தது. விவசாயிகள் பெரும்பாலும் வாரத்துக்குப் பயிர் செய்கிறவர்கள். அறுவடை முடிந்தாலும் கடன் தீராது.

ஆய்வுக்கூடம் எங்கே என்று கேட்காதீர்கள். அப்படி ஒன்று இருக்கவே இல்லை! கார்வர் மாணவர்களை அழைத்துக்கொண்டு குப்பை மேடுகளுக்குப் போனார். பழைய பாட்டில்கள் கண்ணாடிக் குடுவைகள் ஆயின. மைக்கூடு விளக்கானது. உடைந்த கோப்பை மருந்து அரைக்கும் கல்வமானது. முதுநிலைப் பட்டதாரியின் ஆய்வுக்கூடம் இப்படித்தான் பிறந்தது.

எல்லாம் இனிமையாக நடந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். பாடம் நடத்துவதோடு பண்ணையையும் கோழிகளையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது. நிர்வாகம் அவருக்குக் கைவராத கலை. அதனால் புக்கர் வாஷிங்டனோடு அடிக்கடி மனத்தாங்கல். வேலையை விட்டுப் போகிறேன் என்று பலமுறை சொன்னார். ஆனால் ஒருமுறைகூடப் போகவில்லை!

மண்ணைக் காப்பாற்ற அவர் சொன்ன வழி எளிமையானது. பருத்தி போட்ட நிலத்தில் அடுத்த பருவம் தட்டைப்பயறோ வேர்க்கடலையோ விதையுங்கள் என்றார். ஏன் தெரியுமா? இந்தச் செடிகளின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. காசு கொடுத்து உரம் வாங்க முடியாத ஏழைக்கு இது இலவச உரம் அல்லவா?

கல்லூரிக்கு வர முடியாத விவசாயிகளுக்காக, 1906-இல் கல்லூரியே வண்டியேறிப் போனது! கலப்பை, விதை, கருவிகளோடு குதிரை வண்டி ஒன்று கிராமம் கிராமமாகச் சென்றது. எளிய நடையில் 40-க்கும் மேற்பட்ட சிறு வெளியீடுகளையும் எழுதினார். 1916-இல் வந்த ஒன்றில், வேர்க்கடலையை உண்ணும் விதங்கள் 105 இருந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பருத்திக் காய்களைத் துளைக்கும் கூன்வண்டு அலபாமாவுக்குள் நுழைந்திருந்தது. பருத்தியை மட்டும் நம்பியிருந்தவர்கள் தவித்தபோது, கடலை கைகொடுத்தது.

1921-இல் கடலை விவசாயிகளுக்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் பேசப் போனார். அவருக்குக் கொடுத்த நேரம் 10 நிமிடம். உறுப்பினர் ஒருவர் அவருடைய நிறத்தைக் குத்திக்காட்டிக் கேலி செய்தார். கார்வர் கலங்கவில்லை. கடலையிலிருந்து செய்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கேட்டவர்கள் மேலும் மேலும் நேரம் கொடுத்தார்கள். முடிவில் கைதட்டினார்கள்!

ஒன்றை நினைவில் வையுங்கள். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. அவருக்கு முன்பே அது இருந்தது. இல்லாத புகழ் அவருக்குத் தேவையும் இல்லை.

திருமணம் செய்துகொள்ளாத கார்வர், பழைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, அதில் ஒரு பூவைச் செருகிக்கொண்டு வலம் வந்தார். சேர்த்த பணத்தை ஆராய்ச்சி நிறுவனம் அமைக்கக் கொடுத்தார். 1943 ஜனவரி 5 அன்று டஸ்கிகியிலேயே காலமானார். அவர் பிறந்த பண்ணை அதே ஆண்டில் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

செல்லங்களே! அடுத்த முறை கடலைக் காட்டுப் பக்கம் போனால், விவசாயியிடம் கேட்டு ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணி மணியாக முடிச்சுகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் இருந்துகொண்டே நிலத்துக்குச் சத்துத் தருபவை அவை. டஸ்கிகியில் கார்வர் வாழ்ந்த 46 ஆண்டுகளும் அப்படிப்பட்டவைதான். நாளை நீங்களும் பெரிய படிப்புப் படிப்பீர்கள். அப்போது உங்கள் படிப்பு எந்த ஊருக்கு அதிகம் தேவை என்று ஒரு நிமிடம் யோசிப்பீர்கள்தானே?