நேதாஜி: ஒரே மனிதர், வெவ்வேறு வரலாறுகள்

ஈசூன் வட்டாரம் போர்க்காலத்தில் நீ சூன் என அழைக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தினர் ஃபேரர் பார்க் திடலில் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களில் பலர் நீ சூன் முகாமில் போர்க்கைதிகளாயினர். பலர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தனர். பலர் மறுத்துக் கைதிகளாகவே இருந்தனர்.

தடுமாறிய அந்த ராணுவத்துக்கு உயிரூட்டியவர் சுபாஷ் சந்திர போஸ்.

1897ல் கட்டாக்கில் பிறந்த போஸ், இந்திய ஆட்சிப்பணித் தேர்வில் வென்றும் 1921ல் பதவி விலகினார். இருமுறை காங்கிரஸ் தலைவரானார். 1941ல் வீட்டுக்காவலிலிருந்து தப்பி ஜெர்மனி சென்றார். பின்னர் நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியாவுக்கு வந்தார்.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த அவர், கேத்தே கட்டடத்தில் தலைமைப் பொறுப்பேற்றார். அக்டோபர் 21ஆம் தேதி அங்கேயே தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ் இளையர்கள் படையில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். ஆனால், 1944ல் இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. 1945 ஆகஸ்ட் 18ஆம் தேதி தைவான் விமான விபத்தில் போஸ் காயமுற்று இறந்தார். அதை நம்ப மறுப்போர் இன்றும் இந்தியாவில் உண்டு.

பிரிட்டிஷாருக்கு அவரது வீரர்கள் விசுவாசம் தவறியவர்கள். அதனால், எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னத்தை அவர்கள் 1945 செப்டம்பரில் தகர்த்தனர். இந்திய மக்களுக்கோ அவ்வீரர்கள் நாயகர்கள். செங்கோட்டையில் அவர்கள்மீது நடந்த விசாரணை நாட்டையே கொதிக்க வைத்தது. இருப்பினும், சுதந்திர இந்தியா அவர்களைத் தன் ராணுவத்தில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூர்ச் சீனர்களின் நினைவு வேறு. போஸ் துணைகொண்ட அதே ஜப்பானிய ராணுவம், 1942ல் ஆயிரக்கணக்கான சீனர்களைக் கொன்றது. தோட்டத் தொழிலாளிக்குச் சுயமரியாதை தந்த படை, அண்டை வீட்டாருக்கு எதிரியின் தோழனாகத் தெரிந்தது.

1995ல் எஸ்பிளனேட் பூங்காவில் அந்நினைவுச்சின்னம் இருந்த இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் வைக்கப்பட்டது. அடுத்த முறை அவ்வழியே செல்லும்போது சற்று நின்று படியுங்கள். சின்னத்தை எழுப்பியது யார், இடித்தது யார், ஐம்பது ஆண்டுக்குப் பின் நினைவுகூர்ந்தது யார் எனக் கேளுங்கள். போரைப் பற்றிய ஒவ்வொரு பாடத்திலும் அந்தக் கேள்விகள் உதவும்.