கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம்

நுழையும்முன்

பொதுவாழ்வில் ஈடுபட்ட ஒருவரின் வரலாற்றைப் புகழ்மாலையாகத் தொடுப்பது எளிது. குற்றப்பட்டியலாக அடுக்குவதும் எளிது. அவர் ஆற்றிய பணிகளையும், அவர்தம் முடிவுகளுக்கு மக்களிடையே எழுந்த எதிர்ப்பையும் ஒருங்கே வைத்து நோக்குவதுதான் கடினம். தாய்மொழிவழிக் கல்விக்கும் தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கும் வித்திட்டவர் ஒருவர். அவர் கல்வி அமைச்சராக இருந்தபோதுதான் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டு, தமிழறிஞர் பலரின் எதிர்ப்பைப் பெற்றது. திருப்பூர் தந்த தி. சு. அவினாசிலிங்கத்தின் வாழ்க்கை இவ்விரு பக்கங்களையும் உடையது.

பிறப்பும் கல்வியும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், இன்று பின்னலாடை ஏற்றுமதியால் உலகறிந்த நகரம். பனியன் ஆலைகள் பெருகுவதற்கு முன்பு அது பருத்திச் சந்தையாலும் கைந்நூற்பாலும் பெயர்பெற்ற ஊராக விளங்கியது. அவ்வூரில் வணிகத்தால் வளம்பெற்ற குடும்பம் ஒன்றில், சுப்பிரமணியம் – பழனியம்மாள் இணையர்க்கு மகனாக 1903ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவினாசிலிங்கம் பிறந்தார். திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிக்கல்வி பெற்றார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார்.

செல்வமும் சட்டப்படிப்பும் உடைய இளைஞர் ஒருவருக்கு அக்காலத்தில் வளமான வாழ்வு காத்திருந்தது. ஆயினும், இரண்டு ஈர்ப்புகள் அவரை வேறு வழியில் செலுத்தின. ஒன்று, காந்தியடிகளின் விடுதலை இயக்கம். மற்றொன்று, இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் தொண்டுநெறி. அவர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளாமல் பொதுப்பணிக்கே தம்மை ஒப்படைத்தார்.

விடுதலைப் போரும் வித்யாலயமும்

திருப்பூர், கதர் இயக்கத்தின் தமிழக மையங்களுள் ஒன்றாகத் திகழ்ந்தது. 1932ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொடியேந்திச் சென்ற குமரன் காவலரின் தடியடிக்கு உயிர்நீத்ததும் அவ்வூரிலேயே. விடுதலை உணர்வு இவ்வாறு கனன்ற வட்டாரத்தில் அவினாசிலிங்கம் காங்கிரசுத் தொண்டராகப் பணியாற்றினார்; கோயம்புத்தூர் மாவட்டக் காங்கிரசுத் தலைவராகவும் பொறுப்பேற்றார். 1930 முதல் 1944 வரையிலான காலத்தில் பலமுறை சிறை சென்றார். 1935 முதல் பத்தாண்டுகள் மத்தியச் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கினார்.

சிறைவாழ்க்கைக்கு அஞ்சாத அவர், ஆட்சிமாற்றம் மட்டுமே விடுதலையாகிவிடும் எனக் கருதவில்லை. 1930ஆம் ஆண்டிலேயே கோயம்புத்தூரில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். சாதிவேறுபாடு பாராமல் மாணவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாக உண்டு, கைத்தொழிலோடு கல்வி கற்கும் உறைவிடப் பள்ளியாக அஃது அமைந்தது. தீண்டாமை வேரோடியிருந்த காலத்தில் அத்தகைய பள்ளியை நடத்துவதே ஒரு போராட்டமாக இருந்தது. 1934ஆம் ஆண்டு தமிழகம் வந்த காந்தியடிகள் வித்யாலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். பின்னர் அது பெரியநாயக்கன்பாளையத்தில் நிலைபெற்றுப் பல கல்வி நிறுவனங்களைக் கொண்ட வளாகமாக வளர்ந்தது.

அமைச்சர் பொறுப்பு

1946ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் த. பிரகாசம் தலைமையில் காங்கிரசு அமைச்சரவை அமைந்தபோது அவினாசிலிங்கம் கல்வி அமைச்சரானார். 1947 மார்ச்சுத் திங்களில் ஓமந்தூர் இராமசாமி முதலமைச்சரானபோதும் அப்பொறுப்பு அவரிடமே தொடர்ந்தது. இவ்வாறு, அயலாட்சி முடிந்து தன்னாட்சி தொடங்கிய காலத்தில் கல்வித்துறையை நடத்தும் கடமை அவருக்கு வாய்த்தது.

அன்றைய சென்னை மாகாணம் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் மாவட்டங்களை உள்ளடக்கியது. எந்த மொழியில் கற்பிப்பது, எந்த மொழியைக் கட்டாயமாக்குவது என்னும் வினாக்களுக்கு அங்கு எளிய விடை இல்லை. எந்த முடிவும் ஒரு சாராரின் எதிர்ப்பைச் சந்தித்தே தீரும் நிலை இருந்தது.

தாய்மொழிவழிக் கல்வி

உயர்நிலைப் பள்ளிகளில் பாடங்களைத் தாய்மொழியில் கற்பிப்பதற்கு அவினாசிலிங்கம் முதன்மை அளித்தார். அறிவியலையும் கணிதத்தையும் தமிழில் கற்பித்தால் தரம் தாழ்ந்துவிடும் என்றும், கலைச்சொற்களுக்கு எங்கே செல்வது என்றும் ஆங்கிலக் கல்வியில் ஊறியோர் வினவினர். அவ்வினாவைப் புறக்கணிக்க இயலாது. பாடநூல்களும் கலைச்சொற்களும் போதிய அளவு இல்லை என்பது உண்மையே. ஆனால், அவை உருவாகும்வரை காத்திருந்தால் அவை ஒருபோதும் உருவாகமாட்டா என்பதே மறுதரப்பின் வாதம். நூல்கள் வந்தபின் கற்பிக்கத் தொடங்குவதா, கற்பிக்கத் தொடங்கி நூல்களை வரவழைப்பதா என்னும் இவ்விவாதத்தில் அவினாசிலிங்கம் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். பள்ளிப் பாடத்திட்டத்தில் திருக்குறளுக்கு உரிய இடம் கிடைக்கவும் அவர் துணைநின்றார்.

நூலகச் சட்டம்

அவரது பதவிக்காலத்தின் நிலைத்த பயன்களுள் ஒன்று 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுவே. சீர்காழியில் பிறந்த நூலக அறிவியலறிஞர் சீ. இரா. அரங்கநாதன் நெடுங்காலமாக வலியுறுத்திவந்த கருத்துகள் இதற்கு அடிப்படையாயின. மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு அமைத்தல், உள்ளாட்சி அமைப்புகள் சொத்துவரியோடு நூலக வரியைத் திரட்டி அக்குழுவிற்கு அளித்தல் என்பன அச்சட்டத்தின் இன்றியமையாத கூறுகள். நூலகம் வள்ளல்களின் கொடையை மட்டும் நம்பியிராமல் மக்கள் செலுத்தும் வரியால் நடைபெறும் பொதுவுரிமையாக இதனால் மாறியது.

தெரிந்து தெளிவோம்
நம் வீட்டிற்குரிய சொத்துவரிச் சீட்டில் நூலக வரி என ஒரு தொகை குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொடர்ச்சியே அது.

பாரதியின் பாடல்கள்

பாரதியார் 1921இல் மறைந்தபின் அவருடைய படைப்புகளின் உரிமை பல கைகளுக்கு மாறியது. அச்சிடும் உரிமை ஓரிடத்திலும், இசைத்தட்டு, திரைப்படம் முதலியவற்றில் பயன்படுத்தும் உரிமை வேறிடத்திலும் இருந்தன. விடுதலைக்குப்பின், திரைப்படத்தில் பாரதியின் பாடலைப் பயன்படுத்தியது தொடர்பாக எழுந்த உரிமைச் சிக்கல் தமிழ்மக்களின் கவனத்தை ஈர்த்தது. நாட்டுக்காகப் பாடிய கவிஞரின் பாடலைப் பாட எவரிடமும் ஒப்புதல் கேட்க வேண்டுமா என்னும் கேள்வி பரவலாக எழுந்தது. ஓமந்தூராரின் அரசு 1949இல் பாரதியின் படைப்புகளுக்கான உரிமையைப் பெற்றது. கல்வி அமைச்சர் என்னும் நிலையில் அவினாசிலிங்கத்திற்கு இதில் முதன்மையான பங்கு உண்டு. பின்னர் அவ்வுரிமை மக்களுக்கே வழங்கப்பட்டது. ஒரு கவிஞரின் படைப்புகளை அரசு பெற்றுப் பொதுவுடைமையாக்கும் மரபு தமிழகத்தில் இவ்வாறு தொடங்கியது.

இந்தி கட்டாயப் பாடம்

அவினாசிலிங்கத்தின் பொதுவாழ்வில் மிகுந்த எதிர்ப்பைப் பெற்ற முடிவு, 1948-49ஆம் கல்வியாண்டில் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதே ஆகும். அதன் பின்னணியை அறிந்தாலன்றி எதிர்ப்பின் கடுமையை உணர இயலாது.

பத்தாண்டுகளுக்கு முன்பு, 1938இல், இராசாசியின் அமைச்சரவை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. பெரும் போராட்டம் வெடித்தது. சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939இல் உயிர்நீத்தனர். 1940இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்நினைவுகள் ஆறுவதற்குள் அதே ஆணை மீண்டும் வந்தபோது, தமிழார்வலர்கள் அதனைப் பழைய புண்ணைக் கிளறும் செயலாகவே கண்டனர்.

அரசின் தரப்பிலும் ஒரு நோக்கம் இருந்தது. விடுதலை பெற்ற நாட்டிற்குப் பொதுமொழி ஒன்று தேவை என்பது காங்கிரசு இயக்கத்தின் நீண்டகாலக் கொள்கை. காந்தியடிகளின் முயற்சியால் 1918 முதல் சென்னையில் இந்திப் பரப்புரை நடைபெற்று வந்தது. காந்திய நெறியில் வளர்ந்த அவினாசிலிங்கத்தின் பார்வையில், இந்தியைக் கற்பிப்பதும் தமிழை வளர்ப்பதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல. ஆனால், மாணவர் அடுத்த வகுப்பிற்குத் தேற இந்தியிலும் குறைந்த அளவு மதிப்பெண் வேண்டும் என விதிக்கப்பட்டபோது, விரும்பிக் கற்பது என்னும் நிலை மறைந்து, கற்றே ஆக வேண்டும் என்னும் நிலை தோன்றியது. எதிர்ப்பின் மையப்புள்ளி அதுவே.

1948 சூலை 17ஆம் நாள் சென்னையில் இந்தி எதிர்ப்பு மாநாடு கூடியது. பெரியாரும் அண்ணாவும் முன்னின்ற அவ்வியக்கத்தில் மறைமலையடிகள் போன்ற தமிழறிஞர்களும் இணைந்தனர். காங்கிரசு மரபில் வந்த திரு.வி.க., ம.பொ.சி. ஆகியோரும் கட்டாய இந்தியை எதிர்த்தது அரசுக்குப் பெரும் நெருக்கடியாயிற்று. எதிர்ப்பை ஒரு கட்சியின் குரல் என ஒதுக்கிவிட இனி இயலவில்லை. மறியல்களும் ஊர்வலங்களும் நடந்தன. ஆகத்துத் திங்கள் 27ஆம் நாள் பெரியாரும் அண்ணாவும் கைது செய்யப்பட்டனர். திசம்பரில் மீண்டும் கைதுகள் தொடர்ந்தன. இருதரப்பும் ஓர் இணக்கத்திற்கு வந்தபின், திசம்பர் இறுதியில் போராட்டம் நிறுத்தப்பட்டது. 1950-51ஆம் கல்வியாண்டு முதல் இந்தி விருப்பப் பாடமாயிற்று. அப்போது அவினாசிலிங்கம் அமைச்சராக இல்லை. காங்கிரசுக் கட்சிக்குள் எழுந்த பிணக்குகளால் 1949 ஏப்ரலில் ஓமந்தூராரின் ஆட்சி முடிவுற்றபோதே அவரும் பதவியிலிருந்து விலகியிருந்தார்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. தாய்மொழியில் கற்றால்தான் மாணவரின் சிந்தனை வளரும் என்பது அவினாசிலிங்கத்தின் கல்விக் கொள்கை. அம்மாணவரின் மீது அவர்தம் ஒப்புதலின்றி மற்றொரு மொழியைச் சுமத்துவது அக்கொள்கைக்கே மாறானது என்பது எதிர்ப்பாளரின் வாதம். அவர்கள் அவருடைய தமிழ்ப்பற்றை ஏற்றுக்கொண்டே இவ்வாறு வாதிட இயலும். ஆதலின், இவ்வெதிர்ப்பு அவருடைய கொள்கைகளுக்கு உள்ளிருந்தே எழுந்த கேள்வி எனலாம்.

கலைக்களஞ்சியம்

அமைச்சராகப் பொறுப்பேற்ற 1946ஆம் ஆண்டிலேயே அவினாசிலிங்கம் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பிறமொழிகளில் உள்ளதுபோன்ற கலைக்களஞ்சியம் ஒன்றைத் தமிழில் உருவாக்குவது அதன் தலையாய நோக்கமாயிற்று. ஈரோடு வட்டாரத்தில் பிறந்து, இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய பெ. தூரன் அதன் முதன்மைப் பதிப்பாசிரியரானார். இயற்பியல் முதல் இசை வரை ஒவ்வொரு துறைக்கும் அறிஞர்களைத் தேடிக் கட்டுரை பெறவும், ஆங்கிலத்திலேயே எழுதிப் பழகியோரைத் தமிழில் எழுதவைக்கவும், இல்லாத கலைச்சொற்களை ஆக்கவும் வேண்டியிருந்தது. முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968இல் நிறைவுற்றது. பதவி போனபின்னும் அவினாசிலிங்கம் இப்பணியைக் கைவிடவில்லை. நிதி திரட்டுதல், அரசுகளின் உதவியைப் பெறுதல் ஆகிய சுமைகளை அவர் தாங்கியதால், தூரனும் குழுவினரும் எழுத்துப்பணியில் முழுமையாக ஈடுபட முடிந்தது. இதனைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது.

பதவிக்குப் பின்

1952ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்தலில் திருப்பூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958 முதல் 1964 வரை மாநிலங்களவை உறுப்பினராகவும் பணியாற்றினார். மீண்டும் அமைச்சர் பதவியை ஏற்கவில்லை. 1957இல் கோயம்புத்தூரில் பெண்களுக்கென மனையியல் கல்லூரியைத் தோற்றுவித்தார். ஊட்டச்சத்து அறிஞர் இராசம்மாள் தேவதாசின் வழிகாட்டலில் வளர்ந்த அக்கல்லூரி, 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. நடுவணரசு 1970ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1991ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள், தம் 88ஆம் அகவையில் அவினாசிலிங்கம் இயற்கை எய்தினார்.

மதிப்பீடு

1968ஆம் ஆண்டு தமிழக வரலாற்றில் இரண்டு நிகழ்வுகளால் குறிப்பிடத்தக்கது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறைப்பட்ட அண்ணா, முதலமைச்சராக அமர்ந்து அவ்வாண்டுச் சனவரியில் இருமொழிக் கொள்கையை அறிவித்தார். அதே ஆண்டில்தான் அவினாசிலிங்கம் தொடங்கிவைத்த கலைக்களஞ்சியம் நிறைவுற்றது. ஒன்று அவரது ஆட்சிமுடிவை மறுத்தது. மற்றொன்று அவரது நெடுங்காலக் கனவை நிறைவேற்றியது. இரண்டுமே தமிழுக்கு வலிமை சேர்த்தன.

மக்களாட்சியில் ஓர் அமைச்சரின் நல்ல நோக்கம் மட்டுமே அவருடைய ஆணையை நியாயப்படுத்திவிடாது. அவ்வாணையால் பாதிக்கப்படுவோரின் குரலும் கேட்கப்பட வேண்டும். அதுபோலவே, மக்கள் மறுத்த ஓர் ஆணையைக் கொண்டு ஒருவரின் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் தள்ளிவிடுதலும் முறையன்று. ஊர்ப்புற நூலகத்தில் அமர்ந்து படிக்கும் மாணவரும், அறிவியலைத் தமிழில் பயிலும் மாணவரும், மூன்றாம் மொழியின் கட்டாயமின்றித் தேர்வெழுதும் மாணவரும் பெற்ற பயன்கள், அவினாசிலிங்கமும் அவரை எதிர்த்தோரும் கூடியும் முரண்பட்டும் உருவாக்கியவையே.

கற்பவை கற்றபின்

1. தாய்மொழிவழிக் கல்வியை நடைமுறைப்படுத்துவதில் எழுந்த இருதரப்பு வாதங்களைத் தொகுத்து வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.
2. 1938, 1948 ஆகிய ஆண்டுகளின் இந்தி எதிர்ப்புப் போராட்டங்களை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. உங்கள் ஊர் நூலகத்திற்குச் சென்று, கலைக்களஞ்சியத்தின் ஏதேனும் ஒரு தொகுதியிலிருந்து நீங்கள் விரும்பும் கட்டுரையைப் படித்துக் குறிப்பெடுக்க.
4. உங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த பொதுவாழ்வினர் ஒருவரின் பணிகளையும் அவர் எதிர்கொண்ட எதிர்ப்புகளையும் நடுநிலையோடு எழுதுக.