கணித மேதைக்குக் கைகொடுத்த மூத்தோர்

திருக்குடந்தை ஆராவமுதனைச் சேவிக்க வரும் அன்பர்கள், சாரங்கபாணி சன்னதித் தெருவில் எளிய ஓட்டு வீடு ஒன்றைக் காணலாம். கணித மேதை ஸ்ரீநிவாச ராமாநுஜன் வளர்ந்த இல்லம் அது. அம்மேதையை உலகம் அறியும். அவரை வறுமையிலிருந்து கைதூக்கிவிட்ட பெரியோர்களை அறிந்தவர் சிலரே.

1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் அவர் பிறந்தார். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள் திருக்கோயிலில் பஜனை பாடியவர். நாமக்கல் நாமகிரித் தாயாரே குலதெய்வம். 1904இல் உதவித்தொகையுடன் குடந்தை அரசினர் கல்லூரியில் சேர்ந்தவர், கணிதத்திலேயே மூழ்கி, ஆங்கிலத்தில் தவறி, அத்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் திருமணமும் நிகழ்ந்தது. பட்டமோ பணியோ இல்லாத அவ்விளைஞரிடம் எஞ்சியவை, கணக்குகள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களே.

1910இல் அவற்றுடன், முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த திருக்கோவலூருக்குச் சென்றார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் நிறுவிய ராமசுவாமி ஐயர் அங்கே டிப்டி கலெக்டராக இருந்தார். இளைஞர் வேண்டியது தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டுகளைப் புரட்டிய ஐயரோ, அவ்வேலை இவ்வறிவைப் புதைத்துவிடும் எனக் கருதி, சென்னையிலுள்ள கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். கேட்டதை மறுத்ததும் ஓர் அருளே ஆயிற்று.

அவ்வழியே நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவின் அறிமுகம் கிட்டியது. முதலில் ஐயுற்ற அவர், பன்முறை கேட்டுத் தெளிந்தபின், மாதந்தோறும் 25 ரூபாய் தம் கைப்பொருளிலிருந்து வழங்கினார். பிறர் தயவில் நெடுநாள் வாழ மனமில்லாத ராமாநுஜன், 1912 மார்ச் மாதம் சென்னைப் போர்ட் டிரஸ்டில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார்.

அங்கே தலைமைக் கணக்கர் நாராயண ஐயர், மேலதிகாரி என்னும் நிலையை மறந்து, அலுவல் முடிந்தபின் அவருடன் சிலேட்டும் கையுமாக அமர்ந்து கணக்கிட்டார். இளைஞர் பத்துப் படிகளை இரண்டில் தாண்டிவிடுவார். பிறருக்கும் விளங்குமாறு விரித்தெழுதும்படி ஐயர் பொறுமையோடு பழக்கினார்.

1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய மடல் புதுவழி திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச் 17இல் கப்பலேறியவர், 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

1919 ஜனவரியில், இங்கிலாந்தில் நோயுற்றிருந்தபோது, பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் அளிக்க முன்வந்தது. அதில் 50 பவுனைப் பெற்றோருக்கு அனுப்பி, தம் அவசியச் செலவு போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அனாதைகளுக்கும் பள்ளிச் சம்பளமாகவும் புத்தகமாகவும் தர வேண்டுமென அவர் எழுதினார். தாம் பட்ட துன்பம் பிறர் படலாகாது என்னும் பரிவு அதில் விளங்குகிறது. தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32ஆம் வயதில் பரமபதம் அடைந்தார்.

சேவார்த்திகளே! தேர்வில் தவறி வீட்டுத் திண்ணையில் வாடியிருக்கும் பிள்ளை ஒருவன் உங்கள் ஊரிலும் இருக்கக்கூடும். ஊர் திரும்பியதும் அவனை அழைத்து, அவன் நோட்டைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். அதுவும் எம்பெருமானுக்கு உகந்த கைங்கர்யமே.

ஆராவமுதன் திருவடிகளே சரணம்.