ஒரு ஷில்லிங்குக்கு ரயில் சவாரி காட்டியவர்!

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை இங்கிலாந்தின் கேம்போர்ன் ஊருக்குப் போனீங்கன்னா, பழங்கால நீராவி இன்ஜின்கள் புகைவிட்டபடி தெருவில் ஊர்வலம் போறதைப் பார்க்கலாம். எல்லாம் ரிச்சர்ட் ட்ரெவிதிக் நினைவாகத்தான்.

1771-ல் அந்தப் பக்கம் பிறந்தவர். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஆட்களை ஏற்றிக்கொண்டு நீராவி வண்டியை கேம்போர்ன் மேட்டில் ஓட்டினார். சில நாளில் வண்டி பழுதாக, அடுப்பை அணைக்காமல் விடுதிக்குச் சாப்பிடப் போயிட்டாங்க. கொதிகலனில் தண்ணீர் வற்றி, வண்டியே எரிஞ்சுபோச்சு!

1803-ல் கிரீன்விச்சில் இவரோட கொதிகலன் வெடித்து உயிர்கள் போயின. மனுஷன் ஒதுங்கிடலை. தண்ணீர் குறைந்தால் சூட்டில் உருகி எச்சரிக்கும் ஈய அடைப்பானைப் பொருத்தினார். இன்றைய கண்காட்சி இன்ஜின்களையும் இந்த உத்திதான் காக்குது.

அடுத்த வருஷமே வேல்ஸில் 10 டன் இரும்பையும் சுமார் 70 பேரையும் தண்டவாளத்தில் இழுத்துக் காட்டினார். 1808-ல் லண்டனில் வட்டப் பாதை போட்டு, வேலி கட்டி, ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயில் காட்டினார். என்ன பிரயோஜனம்? பாரம் தாங்காமல் தண்டவாளம் உடைஞ்சு கடை மூடியாச்சு.

வெள்ளிச் சுரங்கத்தை நம்பி 1816-ல் பெரு போனவர், 1827-ல் வெறுங்கையோடு திரும்பினார். ஊர் வந்துசேரப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? ரயிலில் பேர் வாங்கிய ஸ்டீஃபன்சனோட மகன் ராபர்ட்!

1833-ல் டார்ட்ஃபோர்டில் இறந்தப்போ, அடக்கச் செலவை ஏற்றது கூட வேலை பார்த்த தொழிலாளிகள். கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட வைக்கலை.