எதைப் பார்க்க வேண்டாம் என்று கணினிக்குக் கற்றுத்தர முயன்றவர்

சைனாடவுனின் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் சீனச் சதுரங்கம் விளையாடும் தாத்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். பலகையில் எத்தனையோ நகர்வுகள் இருந்தும் இரண்டு மூன்றை மட்டுமே யோசிப்பதுபோல் தெரியும். மற்றவற்றை எப்படி ஒதுக்குகிறார்கள்? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் போராடியவர் மிகயீல் போட்வின்னிக்.

அவரைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது என் தோல்விதான். சென்ற பருவத்தில் பாடத்துக்காக ஒரு சிறிய சதுரங்க நிரல் எழுதினேன். ஒவ்வொரு நிலையிலும் நல்லவையாகத் தோன்றும் ஐந்து நகர்வுகளை மட்டும் ஆராயும்படி அமைத்தேன். வேகமாகத்தான் ஓடியது. ஆனால், ராணியைப் பலிகொடுத்து வெல்லவேண்டிய ஆட்டத்தில் அந்த நகர்வையே முதலில் ஒதுக்கித் தள்ளியது!

போட்வின்னிக் 1911ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே பிறந்தார். 12 வயதில்தான் சதுரங்கம் கற்றார். 14 வயதில், அப்போதைய உலக வெற்றியாளர் கப்பாபிளாங்கா ஒரே நேரத்தில் பலருடன் மோதிய காட்சி ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தார். 1948ல் உலகப் பட்டம் அவருக்குக் கிடைத்தது. இருமுறை இழந்தும் மீட்டு, 1963ல் நிரந்தரமாகப் பறிகொடுத்தார். இத்தனைக்கும் அவர் மின்பொறியாளர். முனைவர் பட்டமும் பெற்றவர். தேர்வையும் பயிற்சியையும் ஒன்றாகச் சமாளிக்க முடியவில்லை என்று புலம்பும் எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது.

சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 30 நகர்வுகள் உண்டு. இரு தரப்பும் இரண்டிரண்டு முறை நகர்த்தினாலே எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிசைகள்; மும்மூன்று முறை என்றால் 70 கோடியைத் தாண்டிவிடும். எல்லாவற்றையும் அலசலாம், அல்லது தேர்ந்தெடுத்துச் சிலவற்றை மட்டும் பார்க்கலாம் என்று 1950லேயே கிளாட் ஷானன் இரு வழிகளை எழுதிவைத்தார். போட்வின்னிக் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். எந்தக் காயைத் தாக்குவது என்ற இலக்கை முதலில் வைத்து, அங்கே சென்றடையும் பாதைகளையும் அவற்றைத் தடுக்கக்கூடிய காய்களையும் மட்டும் ஆராயவேண்டும் என்பது அவரது ‘பயனியர்’ நிரலின் அடிப்படை.

கடினமான சில புதிர்களை அது விடுவித்தது. ஆனால், ஒரு முழு ஆட்டத்தை ஆடும் நிலைக்கு வரவேயில்லை. இதற்கிடையே 1974ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில் வென்றது, அவர் நாட்டிலேயே வேறொரு குழு உருவாக்கிய ‘கைஸ்ஸா’. அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

1995ல் அவர் காலமானார். இரண்டே ஆண்டுகளில் அவரிடம் பயின்ற கேரி காஸ்பரோவை ‘டீப் புளூ’ வீழ்த்தியது. நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி நிலைகளை அலசிய இயந்திரம் அது. போட்வின்னிக் விரும்பாத வழியே வென்றது.

ஆனால், 2017ல் வந்த ‘ஆல்ஃபாஸீரோ’ நொடிக்குச் சுமார் 80,000 நிலைகளை மட்டுமே பார்த்தது. எதைப் பார்ப்பது என்பதைத் தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது. அவர் வழி அல்ல இது. இருந்தாலும், அவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதில்.

என் நிரலை மாற்றிவிட்டேன். செக் வைக்கும் நகர்வுகளையும் காய்களை வெட்டும் நகர்வுகளையும் இப்போது அது ஒதுக்குவதில்லை. வேகம் பாதியாகிவிட்டது. ராணிப் பலியைக் கண்டுபிடிக்கிறது.