பெரிய கையெழுத்தின் கதை

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். அங்கே படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது, உங்கள் ஜான் ஹான்காக்கை இங்கே போடுங்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு மனிதரின் பெயரே கையெழுத்துக்கு மறுபெயர் ஆகிவிட்டது. யார் அவர்?

1737-ல் மாசசூசெட்ஸில் ஒரு பாதிரியார் மகனாகப் பிறந்தார். ஏழு வயதில் தந்தை இறந்துவிட்டார். பாஸ்டனில் பெரிய வணிகராக இருந்த சித்தப்பா தாமஸ் ஹான்காக்குக்குக் குழந்தை இல்லை. அவர் பையனைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வளர்த்தார். ஹார்வர்டில் படிக்கவைத்து, 1754-ல் பட்டம் பெற்றதும் தன் தொழிலில் சேர்த்துக்கொண்டார். 1764-ல் சித்தப்பா காலமானபோது கப்பல், கிடங்கு, மாளிகை எல்லாம் 27 வயது ஜானுக்கு வந்தன. பாஸ்டனின் பெரும் பணக்காரர்களில் அவரும் ஒருவரானார்.

அந்தச் சமயத்தில்தான் பிரிட்டிஷ் அரசு காலனிகள் மீது புதுப்புது வரிகளைப் போட ஆரம்பித்தது. 1768-ல் அவருடைய லிபர்ட்டி என்ற கப்பலைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். தீர்வை கட்டாமல் ஒயின் இறக்கினார் என்பது குற்றச்சாட்டு. அவருக்காக வாதாடியவர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. வழக்கு கைவிடப்பட்டது, ஆனால் கப்பல் திரும்பி வரவில்லை. ஹான்காக் ஊரறிந்த தலைவராகிவிட்டார்.

1775 ஏப்ரலில் சண்டை மூண்டது. ஜூன் மாதம் கவர்னர் கேஜ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். ஆயுதத்தைக் கீழே வைப்பவர்களுக்கெல்லாம் மன்னிப்பு உண்டு, சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக் இருவருக்கு மட்டும் கிடையாது என்றார். அப்போது ஹான்காக் பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸின் தலைவராக இருந்தார்.

இனி கையெழுத்துக்கு வருவோம். 1776 ஜூலை 4-ல் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியது. தலைவர் என்ற முறையில் ஹான்காக் அதில் பெரிதாகக் கையெழுத்திட்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் கண்ணாடி இல்லாமலே படிக்கட்டும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை.

ஜூலை 4 இரவு நடந்தது அச்சு வேலை. ஜான் டன்லப் என்பவரின் அச்சகத்தில் பிரகடனம் தனித்தாளாக அச்சானது. ஊர் ஊராகப் போனதும் லண்டனை எட்டியதும் அச்சு வடிவம்தான். தோலில் அழகாக எழுதிய பிரதி பிறகு தயாராகி, ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் உறுப்பினர்கள் அதில் கையெழுத்திடத் தொடங்கினார்கள். மொத்தம் 56 பேர். ஹான்காக்கின் கையெழுத்து நடுவில், ஏறக்குறைய 5 அங்குல நீளத்துக்கு இருக்கிறது. அந்தத் தோல் பிரதி மன்னருக்கு அனுப்பப்படவே இல்லை.

கையெழுத்தும் அன்றைக்கென்று புதிதாகப் போட்டதல்ல. வங்கியில் ஸ்பெசிமன் கார்டைப் பார்த்தே பல வருடம் ஓட்டியவன் நான். அவருடைய மற்ற கடிதங்களின் படங்களைப் பார்த்தால் அதே வளைவு, அடியில் அதே சுழிப்பு. தலைவர் முதலில் போடுகிறார், தாளில் இடம் தாராளமாக இருக்கிறது, வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்துவிட்டது.

அப்படியானால் துணிச்சல் எங்கே? அந்த ஜூலை மாத அச்சுத் தாளில். அதில் இருந்த பெயர்கள் இரண்டே இரண்டு: தலைவர் ஹான்காக், சாட்சிக்குச் செயலாளர் சார்லஸ் தாம்சன். மற்றவர்களின் பெயர்கள் 1777 ஜனவரியில்தான் அச்சில் வெளிவந்தன. ராஜத்துரோகத்துக்குத் தண்டனை தூக்கு. மன்னிப்புப் பட்டியலில் ஏற்கெனவே விடுபட்டவர், ஆறு மாதம் ஏறக்குறைய தனியாகவே தன் பெயரை வெளியில் நிறுத்தியிருக்கிறார். சாதாரண அச்செழுத்தில் இருந்ததால் அது யார் கண்ணிலும் பெரிதாகப் படுவதில்லை.

இதே மனிதருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1773-ல் ஹார்வர்டு கல்லூரி அவரைப் பொருளாளராக்கியது. பிலடெல்பியா போனபோது கல்லூரியின் பத்திரங்களையும் கையோடு கொண்டு போய்விட்டார். கணக்கு கேட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் போனது. 1777-ல் கல்லூரி வேறு ஒருவரை நியமித்துக்கொண்டது. மாசசூசெட்ஸின் முதல் கவர்னராகத் தேர்வாகி, மக்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து, 1793-ல் பதவியில் இருக்கும்போதே காலமானார். கல்லூரிக்குச் சேரவேண்டிய பாக்கியை அதன் பிறகு வாரிசுகள்தான் தீர்த்தார்கள்.

உயிரைப் பணயம் வைத்துப் பெயர் போட்டவருக்கு ஒரு வரவு செலவுக் கணக்கை முடித்துக் கையெழுத்திட இருபது வருடமும் போதவில்லை!