சங்கத்தில் சேர்ந்தால் வேலை போய்விடுமா? திரு.வி.க.வின் வாழ்க்கையும் ஒரு சட்ட உரிமையின் கதையும்

அதிகாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போரூரில் கிளம்பும் கம்பெனி பஸ்கள் குன்றத்தூர் வழியாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகின்றன. போகிற வழியில் தண்டலம் என்றொரு ஊர் வரும். பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். முன்பு துள்ளம் என்று அழைக்கப்பட்ட அந்த ஊரில்தான் 1883 ஆகஸ்ட் 26 அன்று கல்யாணசுந்தரம் பிறந்தார். நமக்கு அவர் திரு.வி.க.

தமிழ்ப் பாடப்புத்தகத்தில் அவர் தமிழ்த்தென்றல். ஆனால் அதே பஸ்ஸில் மெல்லிய குரலில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சங்கம் ஆரம்பிக்கலாமா, சேர்ந்தால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களா என்பதுதான் அந்தக் கேள்வி. இந்த உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாத காலத்தில் அவர் சங்கம் கட்டினார். அவர் கண்ணெதிரேயே அது சட்டமாகி, பிறகு அரசமைப்பின் அடிப்படை உரிமையும் ஆனது. அது எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதும் அவர் வாழ்க்கையிலேயே தெரிகிறது.

தேர்வைவிட சாட்சி முக்கியம்

திரு.வி.க. படித்தது சென்னை ராயப்பேட்டையில் உள்ள வெஸ்லி பள்ளியில். அங்கே அவருக்குத் தமிழ் ஆர்வத்தை ஊட்டியவர் யாழ்ப்பாணம் நா.கதிரைவேற்பிள்ளை. 1904இல் அந்த ஆசிரியர் மீது ஒரு வழக்கு நடந்தது. அவருக்காகச் சாட்சி சொல்ல கோர்ட்டுக்குப் போனதால், இறுதித் தேர்வை எழுத முடியாமல் போனது. அதோடு பள்ளிப் படிப்பும் முடிந்தது.

பிறகு ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கர் வேலை. திலகரின் அரசியல் அவரை இழுத்ததில் அந்த வேலையில் நீடிக்க முடியவில்லை. அடுத்து வெஸ்லி பள்ளியிலேயே ஆசிரியர், பிறகு கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் வேலை. அதையும் விட்டுவிட்டு 1917 டிசம்பரில் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். தமிழில் அரசியல் எழுதுவதற்கு ஒரு புது நடையை அவர் உருவாக்கியது இங்கேதான்.

1912இல் கமலாம்பிகையைத் திருமணம் செய்திருந்தார். பிறந்த இரண்டு குழந்தைகளும் பிழைக்கவில்லை. 1918இல் மனைவியும் இறந்துவிட்டார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தொழிலாளர் வாழ்க்கைக்குள் அவர் முழுதாக இறங்கியதும் அதே 1918இல்தான்.

பெரம்பூரில் பிறந்த சங்கம்

அன்றைய சென்னையின் பெரிய தொழிற்சாலைகள், பின்னி நிறுவனம் நடத்திய பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள். சுருக்கமாக பி அண்ட் சி மில். காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வர முடியும். மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். தாமதமாக வந்தால் அபராதம். மேஸ்திரியின் திட்டும் அடியும் தனிக் கணக்கு.

மில் பகுதியில் வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகிய இருவரிடமும் தொழிலாளர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். அந்த இருவரும் அன்னி பெசன்ட்டுடன் பணியாற்றிய பி.பி.வாடியாவை அணுகினார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. முறையான அமைப்போடு தொடங்கப்பட்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கமாக இதைத்தான் வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். வாடியா பார்சி, தமிழ் தெரியாது. அவருடைய ஆங்கிலப் பேச்சு தமிழில் சொல்லப்படும். தொழிலாளியின் மொழியிலேயே நேராகப் பேசி, அதைப் பத்திரிகையிலும் எழுதியவர் திரு.வி.க.

அன்று சங்கம் தொடங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. ஆனால் தொடங்கியவர்களைப் பாதுகாக்கும் சட்டமும் இல்லை. இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பது இரண்டே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

சங்கத் தலைவர் மீது கம்பெனி போட்ட வழக்கு

1920இன் இறுதியில் மில்லில் தகராறு முற்றி நிர்வாகம் கதவடைப்பு செய்தது. டிசம்பரில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. இன்னொரு பக்கம், பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் இடையில் இருப்பது ஒப்பந்தம், வேலைக்குப் போகாதே என்று தூண்டுவது அந்த ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது என்பதே வாதம். கோர்ட் தடை உத்தரவு கொடுத்தது. கடைசியில் சமரசம் ஏற்பட்டது. அதன் விலை, வாடியா சங்கத்தை விட்டு விலகியது.

இந்தியா முழுக்க இது அதிர்ச்சியை உண்டாக்கியது. சங்கத் தலைவரை நஷ்டஈடு வழக்கிலேயே முடக்கிவிடலாம் என்றால், யார் தலைவராக வருவார்கள்? 1921 மார்ச்சில் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவுதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். தொழில் தகராறில் பதிவு பெற்ற சங்கம் எடுக்கும் சட்டப்பூர்வ நடவடிக்கைக்காக, ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சொல்லி சிவில் வழக்குப் போட முடியாது என்று அது சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. இந்தப் பாதுகாப்பு அதிலும் தொடர்கிறது.

ஆக, இன்று ஒரகடத்தில் ஒரு சங்க நிர்வாகிக்குக் கிடைக்கும் கவசம், பெரம்பூரில் ஒருவர் தோற்ற வழக்கில் இருந்து வந்தது.

1921: உள்ளிருந்தே உடைந்த போராட்டம்

வாடியா போன பிறகு சுமை திரு.வி.க. போன்றவர்கள் தலையில் விழுந்தது. 1921 ஜூன் மாதம் மீண்டும் வேலைநிறுத்தம். அக்டோபர் வரை இழுத்தது. இந்த முறை பிரச்சினை நிர்வாகத்தோடு மட்டும் இல்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் சேமிப்பு இல்லாத குடும்பங்களுக்குப் பட்டினி முதலில் வரும். சாதி பார்க்கும் சக தொழிலாளியை நம்பி எத்தனை நாள் காத்திருப்பது என்ற கேள்வியும் இருந்தது. சங்கம் அதற்குப் பதில் வைத்திருக்கவில்லை. புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. சாதி மோதலில் உயிர்கள் போயின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் பலர் இறந்தனர். வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்தப்படலாம் என்று எச்சரித்ததும் இந்தக் காலத்தில்தான். அரசியலில் எதிர் முகாமில் இருந்த நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலையிட்டதால் அது நடக்காமல் போனது. விசாரணை, குற்றச்சாட்டு எதுவுமின்றி ஒருவரை ஊரைவிட்டு அனுப்பும் அதிகாரம் ஆளுநரிடம் இருந்த காலம் அது.

சொந்தக் கட்சி ஆட்சியில் வீட்டுக்காவல்

‘நவசக்தி’ இதழை 1920 முதல் நடத்திய திரு.வி.க., 1926இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராகவும் இருந்தார். பெண் கல்வி, விதவை மறுமணம், சமரச சன்மார்க்கம், பொதுவுடைமை என்று எழுதிக்கொண்டே போனார். கட்சி அரசியலில் இருந்து மெல்ல விலகினாலும் தொழிலாளர்களை விட்டு விலகவில்லை.

1947 மார்ச்சில் அதே பி அண்ட் சி மில்லில் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கி சுமார் 100 நாள் நீடித்தது. சென்னை மாகாணத்தில் அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சி. வெள்ளைக்கார ஆளுநர் மிரட்டியதோடு விட்டுவிட்ட மனிதரை, அவர் வளர்த்த கட்சியின் அரசு வீட்டுக்காவலில் வைத்தது. நாடு சுதந்திரம் அடைந்த ஆண்டில், 60 வயதைத் தாண்டிய திரு.வி.க. வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் இருந்தார்.

அடிப்படை உரிமை ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆட்சியில் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பது உரிமைக்கு உத்தரவாதம் ஆகாது. 1950 ஜனவரி 26 அன்று அமலுக்கு வந்த அரசமைப்பு, 19ஆவது பிரிவில் ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையும், சங்கம் அமைக்கும் உரிமையையும் எழுதிவைத்தது. 22ஆவது பிரிவு, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைச் சந்திக்க விட வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. தடுப்புக்காவலுக்கு அதே பிரிவில் விதிவிலக்கு இருக்கிறது. ஆனால் அதற்கும் 3 மாத வரம்பு உண்டு. அதைத் தாண்ட வேண்டுமென்றால் ஆலோசனைக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த அரசமைப்பின் கீழ் திரு.வி.க. வாழ்ந்தது மூன்றரை ஆண்டுகள்தான். கண்பார்வை போயிருந்தது. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. 1953 செப்டம்பர் 17 அன்று காலமானார்.

சரி, இன்று உங்கள் நிலை என்ன?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் உள்ள சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். சம்பளத்தோடு சேர்ந்து, சங்கத்தைப் பதிவு செய்வதும் அங்கே முக்கியப் பிரச்சினை. சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வரலாமா என்பது வரை வாதம் போய், விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் சென்றது. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. 1918இன் கேள்வி இன்னும் பழசாகவில்லை.

கம்பெனியின் அனுமதி வேண்டுமா? வேண்டாம். 7 பேர் சேர்ந்து பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும்.

ஒப்பந்தத் தொழிலாளி, இன்ஜினியர், ஐடி ஊழியர் சேரலாமா? சேரலாம். சங்கம் அமைக்கும் விஷயத்தில் தொழிலாளி என்ற சொல்லுக்குச் சட்டம் பரந்த பொருள் தருகிறது.

வெளியாள் தலைவராகலாமா? ஆகலாம். வாடியாவும் திரு.வி.க.வும் மில்லில் வேலை செய்தவர்கள் இல்லை. ஆனால் இன்று நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 5 பேர், இதில் எது குறைவோ அதற்கு மேல் வெளியாட்கள் இருக்க முடியாது. அமைப்புசாராத் துறைக்கு மட்டும் தளர்வு உண்டு.

சேர்ந்ததற்காக வேலையை விட்டு எடுத்தால்? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அரசமைப்பின் 19ஆவது பிரிவு முதன்மையாக அரசுக்கு எதிரான பாதுகாப்பு. தனியார் கம்பெனியிடம் அதை மட்டும் நீட்டினால் போதாது. அங்கே கைகொடுப்பது தொழிலாளர் சட்டம்தான். சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவது, தண்டிப்பது, வேலையை விட்டு நீக்குவது எல்லாம் அதில் நேர்மையற்ற தொழிலாளர் நடைமுறை, தண்டனைக்குரியது. ஆனால் எந்தக் கம்பெனியும் அதுதான் காரணம் என்று எழுதிக் கொடுக்காது. அதனால் நோட்டீஸ், மெசேஜ், இடமாற்ற உத்தரவு எல்லாவற்றையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். நீக்கப்பட்டால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் முறையிடலாம். 45 நாளில் தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நீக்கிய நாளில் இருந்து 2 ஆண்டு தாண்டிவிடக் கூடாது.

பதிவானால் கம்பெனி பேசியே ஆக வேண்டுமா? பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கமே தனியாகப் பேச்சுவார்த்தை நடத்தும் உரிமை பெறும். யாருக்கும் அது இல்லையென்றால், குறைந்தது 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தைக் குழு.

வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையா? இல்லை. சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை, வேலைநிறுத்தம் அப்படியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1960களிலேயே சொல்லிவிட்டது. அது சட்டம் தரும் உரிமை, நிபந்தனைகளோடு. 14 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது செய்யக் கூடாது. பாதிப் பேர் அல்லது அதற்கு மேல் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கணக்கு.

கிண்டி தொழிற்பேட்டைக்கு திரு.வி.க.வின் பெயர்தான். பெரம்பூருக்குப் பக்கத்தில் திரு.வி.க. நகரும் இருக்கிறது. அவர் கட்டிய சங்கம் 1921இல் தோற்றது கோர்ட்டில் இல்லை, பக்கத்து மெஷினில் நிற்பவரோடு சேர்ந்து நிற்க முடியாததால். பதிவுக்கான ஏழு கையெழுத்துக்குச் சட்டம் இருக்கிறது. நிரந்தரம், ஒப்பந்தம், உள்ளூர், வெளிமாநிலம் என்று பிரிந்து நிற்கும் ஒரே ஷிப்டில் அந்த ஏழு பேரும் யார் என்பதை எந்தச் சட்டமும் முடிவு செய்யாது.